கேள்வி கேட்காத மூன்று பேர்

மெல்பேர்ன் மாநகரில் இரண்டு கொத்து ரொட்டிக் கடைகளையும் பதினெட்டு மேசைகளையும் ஒரு குளிர் அறையையும் கட்டி ஆளும் என் மகனுக்கு, வத்தேகமவில் ஒன்றரை மாடி வீட்டையும் இரண்டு முழங்கால் வலிகளையும் கட்டி ஆளும் உன் அப்பன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. தொடங்க மாட்டேன். இங்கே ஒருவன் நலமாக இல்லை, அது நான். காரணம் நீ. உனக்குத் தனியாக எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நாலு பக்கத்துக்கு நான் நெஞ்சைப் பிழிந்து அனுப்புவேன். நீ ஒரு மஞ்சள் கட்டைவிரலைத் திருப்பி அனுப்புவாய். உன் அம்மா போய்ச் சேர்ந்த செய்திக்கே உன்னிடமிருந்து முதலில் கட்டைவிரல்தான் வந்தது என்று ஊரில் ஒரு கதை உலவுகிறது. அதைக் கிளப்பிவிட்டவன் நான்தான். ஆனாலும் இதுவரை ஒருவரும் அதை நம்ப மறுக்கவில்லை. ஆகையால் இந்தக் கடிதத்தை ஊரறிய எழுதுகிறேன். மடுல்கெல்லயில் வாசிப்பார்கள், புசல்லாவையில் வாசிப்பார்கள், அக்குறணையில் எனக்குச் சாரம் விற்கிற முஸ்லிம் நானா தன் கடை வாசலில் நின்று உரக்க வாசிப்பார். எல்லாருக்கும் கட்டைவிரல் அனுப்ப உனக்கு விரல் போதாது.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ எனக்கொரு குரல் செய்தி அனுப்பினாய். அதை நான் ஆயிரத்து எட்டுத் தரம் கேட்டிருப்பேன். ஆகவே ஒரு சொல்லும் பிசகாமல் எழுதுகிறேன். "அப்பா, கிச்சனுக்கு மூனு பேர் வேணும். நம்ம தோட்டத்துப் பக்கமாப் பாருங்க. டவுன் ஆளுங்க வேணாம், ரெண்டே மாசத்துல சட்டம் பேசுவானுங்க. அடக்கமா, கேள்வி கேக்காத ஆளாப் பாருங்க. வந்து எறங்குனதும் பாஸ்போட்ட நான் வாங்கி வச்சுக்கிறேன், இல்லாட்டித் தொலைச்சிருவானுங்க. கடைக்கு மேலயே ரூம் இருக்கு, வேற எங்கயும் அலைய வேணாம்." அரை நிமிடம்கூட இல்லை. நம்முடைய பரம்பரை இந்த மலைக்கு வந்து பட்ட பாடு முழுவதையும் அரை நிமிடத்துக்குள் சொல்லி முடிக்கிற பிள்ளையைப் பெற்றவன் இந்தக் கண்டிச் சீமையில் நான் ஒருவன்தான். பெருமையாக இருந்தது. சோறு இறங்கவில்லை.

இறங்கவில்லை என்றாலும் நீ சொன்னதைச் செய்தேன். அதையும் மறைக்க மாட்டேன். மடுல்கெல்லயில் ஒரு தேநீர்க் கடையில் ஒரே ஒரு ஆளிடம் சொன்னேன். மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் கண்டிப் பெரஹரா ஊர்வலமே நின்றது, யானை மட்டும்தான் இல்லை. படித்தவன், படிக்காதவன், முச்சக்கர வண்டி ஓட்டுகிறவன், தேயிலைக் கொழுந்து மடுவத்தில் நிறுவை பார்க்கிறவன், எல்லாரும் தலையைக் குனிந்து நின்றார்கள். கேள்வி கேட்கிறவனுக்கு வேலை இல்லை என்ற செய்தி எனக்கு முன்னால் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நான் கதிரையைப் போட்டு உட்கார்ந்து மூன்று பேரைப் பொறுக்கினேன். கதிரையில் உட்கார்ந்து மனிதர்களைப் பொறுக்குவது எவ்வளவு சுகமான வேலை என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. மூன்றாவதாக நான் பொறுக்கியது குமாரை, உன் மாமன் செல்வத்தின் மகனை.

அந்தச் செல்வம் ஞாயிற்றுக்கிழமை வந்தான். உன் அம்மாவின் ஒரே தம்பி. அவன் மடியில் உட்கார வைத்துத்தான் உனக்குக் காது குத்தினோம், நீ அவன் வேட்டியை நனைத்தாய். மகனின் பாஸ்போட்டை ஒரு சிலிசிலிப் பொலித்தீன் பையில் சுற்றி இடது கையால் நீட்டினான். வலது கை வழக்கம்போல் சட்டைப் பைக்குள் இருந்தது. தேத்தண்ணியை இடது கையாலேயே குடித்து முடித்தான். பிறகு கேட்டான்: "ஒங்க மகன்தான் கூப்பிடுறாரு. வேற யாராவதுன்னா நான் ஒங்ககிட்ட வந்து கேக்க மாட்டேன். நம்பி அனுப்பலாமா மச்சான்?" எனக்குப் பேச்சு வராது என்று இந்த மாவட்டத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். அன்றைக்கு வந்தது இவ்வளவுதான். "அடுத்த ஞாயித்துக்கெழம நானே வந்து சொல்றேன்" என்றேன். ஆம் என்று சொல்வதா இல்லை என்று சொல்வதா என்பதற்கு எனக்கு ஏழு நாள் கிடைத்தது. அந்த ஏழு நாளில் நான் யோசித்ததைத்தான் இனி நீ வாசிக்கப் போகிறாய். உட்கார்ந்து வாசி. கொத்து தன்பாட்டில் கொத்துப்படட்டும்.

உனக்கு மூன்று வயதாக இருந்தபோது கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கிரேக்கக் கப்பலில் பாத்திரம் கழுவ ஏறினேன். அதன் சமையற்காரன் என்னை மெல்பேர்னில் இறக்கி, தன் ஊர்க்காரனான தனாசியின் மீனும் உருளைக்கிழங்கும் பொரிக்கிற கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், "நல்ல ஆள், பேச மாட்டான்" என்று சொல்லி ஒப்படைத்தான். என்னைப் பேசாதவன் என்று சொன்ன ஒரே மனிதன் அவன்தான். எனக்குக் கிரேக்கம் தெரியாது, அதனால் வந்த நற்பெயர். தனாசி முதலாளியைப் பற்றி உனக்குச் சிறுவயதில் நிறைய அளந்திருக்கிறேன். அவருடைய மீசையில் இரண்டு புறாக்கள் குடியிருந்தன, அவர் ஒரு நாளில் சீவி எறிந்த கிழங்குத் தோலைக் குவித்தால் ஹந்தானை மலை வெட்கப்பட்டு நகர்ந்து நிற்கும் என்றெல்லாம். அளக்காமல் சொன்னால் இவ்வளவுதான்: ஆடும் கல்லும் தவிர வேறொன்றும் விளையாத மலைக் கிராமத்திலிருந்து பதினெட்டு வயதில் கப்பலேறி வந்தவர். இரும்பு வார்க்கிற பட்டறையில் பல வருடம் நின்றார். எலேனி அம்மாவைப் புகைப்படத்தில் பார்த்து நிச்சயித்தார். அந்த அம்மா துறைமுகத்தில் இறங்கி, புகைப்படத்தில் இருந்த தலைமுடி நேரில் இல்லாததைக் கண்டு, திரும்பிப் போகிற கப்பல் எது என்று கேட்டாராம். பிறகு இருவருமாக ஒரு கடையைப் பிடித்து, பிள்ளைகள் எண்ணெய் மணக்கிற அப்பனைப் பள்ளிக்கூட வாசலுக்கு வரவேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு, விடியலிலிருந்து கடை சாத்தும் வரை உழைத்தார்கள்.

அவர்களுக்கென்று ஒரு மண்டபம் இருந்தது. அவருடைய கிராமத்தார் மட்டும் சேர்ந்து கட்டியது. சுவரில் கிராமத்தின் படம், அதற்குக் கீழே சீட்டாட்ட மேசை, சின்னக் கிண்ணங்களில் சேறு மாதிரிக் கோப்பி. உள்ளே நுழைந்தால் வெளியே அவுஸ்திரேலியா இருப்பதையே மறந்துவிடலாம். அந்த மண்டபத்தில் தனாசி நடந்தால் நாற்பது ஆம்பிளைகள் எழுந்து நிற்பார்கள். ஏன் தெரியுமா? நாற்பது பேரையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தவர் அவர். பட்டறைக்கு ஆள் வேண்டுமென்றால் போர்மன் அவரிடம்தான் சொல்லுவான். அவர் ஊருக்கு எழுதுவார். வந்தவர்களைத் தன் வீட்டுப் பின்கட்டில் படுக்க வைப்பார். அவர்களுடைய காகிதங்கள் அவர் அலுமாரியில் இருக்கும். அவர்களுக்குப் பதிலாக அவரே ஆங்கிலத்தில் பேசுவார். முதல் நாளே எனக்கு விளங்கிவிட்டது. அட, இவர் நம்ம பெரிய கங்காணி! கோட்டும் குடையும்தான் இல்லை. வேற்று நாட்டில் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி எனக்குக் கண் கலங்கியது. கலங்கின கண்ணோடு கிழங்கு சீவப் போனேன்.

ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அந்தப் பெருமை ஓடிக்கொண்டிருந்தது. உன் பாட்டனுக்குப் பாட்டன் பெரிய கங்காணி, முந்நூறு பேரைக் கடலுக்கு அக்கரையில் இந்தியாவிலிருந்து மன்னார்க் காட்டு வழியாக மாத்தளைக்கு நடத்திக்கொண்டு வந்தவர், வெள்ளிப் பூண் போட்ட தடி, துரைமார் கைகுலுக்கிய கை என்று உனக்குச் சோறூட்டும்போதெல்லாம் சொன்னவன் நான். நீயும் அதை அப்படியே விழுங்கினாய். உன் கடைப் பலகையில் கோட்டுப் போட்டுக் குடை பிடித்த கங்காணியின் படத்தை வரைந்து வைத்திருக்கிறாய். வெள்ளைக்காரன் அதற்கு முன்னால் நின்று படம் எடுக்கிறான். உனக்கு நான் ஊட்டாமல் விட்ட உருண்டை ஒன்று உண்டு. அந்த முந்நூறு பேரில் எத்தனை பேர் மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. வழியில் விழுந்தவர்களுக்காகக் கங்காணி துரையிடம் என்ன சொல்லியிருப்பார்? "காய்ச்சல்காரப் பயலுக துரைகளே" என்று சொல்லியிருப்பார். அவருடைய வாய்தானே அங்கே எல்லாருக்கும் வாய்.

தனாசிக்கு இடது கைச் சுட்டுவிரல் பாதிதான் இருந்தது. ஒருநாள் மாலை கிழங்குச் சாக்கின் மேல் உட்கார்ந்து அதன் கதையைச் சொன்னார். பட்டறைக்கு வந்த முதல் வருடம். அவரைக் கூட்டிக்கொண்டு வந்தவர் அவருடைய சொந்த ஞானத்தகப்பன், குழந்தையாக இருந்தபோது கோயிலில் கையில் ஏந்தியவர். இயந்திரத்துக்கு மூடி இல்லை, விரல் போனது. போர்மன் ஓடிவந்து என்ன நடந்தது என்று கேட்டான். தனாசி கிரேக்கத்தில் சொன்னார். ஞானத்தகப்பன் கவனமாகக் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் சொன்னாராம்: "பையன் குடித்திருந்தான் என்கிறான்." இதைச் சொல்லித் தனாசி சிரித்தார். நானும் சிரித்தேன். "கோபம் வரல்லையா முதலாளி?" என்று கேட்டேன். "வந்தது. பிறகு அவர்தான் எனக்குக் கடை பிடித்துக் கொடுத்தார்" என்று பாதி விரலால் மீசையைத் தடவினார். இதை நன்றாக நினைவில் வை. அப்படி ஒரு காரியம் உலகத்தில் உண்டு, அதை மனிதன் செய்வான், செய்யப்பட்டவனுக்கு அது வாழ்நாள் முழுவதும் மறக்காது என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் நான் செய்தேன்.

நான் போன நாலாவது வருடம் தனாசிக்கு ஆள் தட்டுப்பாடு வந்தது. அவருடைய ஊரில் கப்பலேற ஆளில்லை. அங்கே பிறந்த கிரேக்கப் பிள்ளைகள் எல்லாம் வக்கீலும் பல் வைத்தியனும். "உன் ஊரில் இருந்து கொண்டுவா" என்றார். "மலைக்காரனாக வேண்டும். மலைக்காரன் தொழிற்சங்கத்துக்குப் போகமாட்டான்." நீ சொன்னதும் இதுதான், மகனே, அவர் ஆங்கிலத்தில் சொன்னார், நீ தமிழில் சொன்னாய். நான் உன் மாமனைக் கூப்பிட்டேன். லயத்தில் இருந்து, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று, பத்தாம் நம்பர் மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவன். உன் அம்மா எனக்கு எழுதினாள்: "அவன் வாயில்லாப் பூச்சி. நீங்கதான் அவனுக்கு வாய்." அந்த வரியைப் பெருமையோடு தனாசிக்கு மொழிபெயர்த்துக் காட்டினேன். அவர் என் முதுகில் தட்டினார்.

கடையில் பெரிய எண்ணெய்த் தொட்டி ஒன்று இருந்தது. அதன் ஒரு கால் ஆடியது. ஒலிவ் எண்ணெய் டின்னின் மூடியை நாலாக மடித்து அடியில் கொடுத்திருந்தோம். செல்வம் வந்த மூன்றாம் மாதம் என்னிடம் சொன்னான்: "மச்சான், இது ஆடுது. ஒருநாள் கவுறும். மொதலாளிகிட்டச் சொல்லுங்க." சொன்னேன். "பெரிய வெள்ளி முடியட்டும்" என்றார். அவர்களுடைய பெரிய வெள்ளி வேறு நாளில் வரும். ஆகவே மற்றவர்களுடைய பெரிய வெள்ளி அவருக்கு வியாபாரத் திருவிழா. அன்றைக்கு அந்த நாடே மீன் தின்னும். மதியம் கடை வாசலில் தொடங்கிய வரிசை கடற்கரை வரை போயிற்று, அங்கே மீன்களே வரிசையில் நின்று என்ன விசேஷம் என்று விசாரித்தன என்று பிறகு பல வருடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்கு அடுத்ததாக நான் சொல்லாமல் விட்டது இது. தனாசி "கிரீகொரா, கிரீகொரா" என்று கத்திக்கொண்டிருந்தார். சீக்கிரம் என்று அர்த்தம். செல்வம் இரண்டு கூடைகளை ஒன்றாக இறக்கினான். மூடி நழுவியது. தொட்டி சாய்ந்தது. அவன் கத்தவில்லை. அதுதான் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கொதி எண்ணெயில் முழங்கை வரை வெந்த வலது கையை, மற்றவன் கையைப் பார்ப்பது மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஐந்தாம் நாள் ஆசுபத்திரிக்கு ஒரு அரசாங்கத்துப் பெண் வந்தார், வேலைத்தலங்களைப் பரிசோதிக்கிறவர். கையில் படிவம். செல்வத்துக்கு ஆங்கிலம் தெரியாதென்று கண்டதும், நாளைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிவருகிறேன் என்றார். தனாசி அவருக்கு முன்னால் என் தோளில் கை வைத்தார். "இவர் இருக்கிறாரே. குடும்பத்து ஆள். இவரைவிட யார் சரியாகச் சொல்லப்போகிறார்கள்?" நான் தலையாட்டினேன். அந்தப் பெண் கேட்டார்: தொட்டியில் ஏதாவது பழுது முன்பே இருந்ததா என்று கேளுங்கள். கேட்டேன். செல்வம் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஆமா, காலு ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஒங்ககிட்டச் சொன்னேன்ல மச்சான், நீங்களும் மொதலாளிகிட்டச் சொன்னீங்க. அத அப்பிடியே சொல்லிருங்க" என்றான். கட்டிலின் அந்தப் பக்கம் தனாசி தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். நான் அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: "இல்லை என்கிறார். தரை ஈரமாக இருந்ததாம். கால் வழுக்கி, பிடிக்கப் போய்த் தொட்டியை இழுத்துவிட்டாராம்." அவர் எழுதிக்கொண்டார். செல்வம் நன்றியோடு என்னைப் பார்த்துத் தலையசைத்தான்.

வேண்டுமானால் எனக்காக நீ சமாதானம் தேடு: அப்பாவுக்கு அப்போது காகிதங்கள் சரியாகவில்லை, முதலாளி கையெழுத்துப் போட்டால்தான் இருக்க முடியும், வீட்டில் அம்மாவும் பிள்ளையும். எல்லாம் உண்மை. ஆனால் அந்த நிமிடத்தில் இவை எதுவும் என் நினைவில் இல்லை. முதலாளியின் கை என் தோளில் இருந்தது, அவ்வளவுதான் இருந்தது. கடை மூடப்படவில்லை. அவர் மேல் ஓர் எழுத்தும் விழவில்லை. சில வாரம் கழித்து அவர்களுடைய ஈஸ்டர் வந்தபோது மண்டபத்தில் முழு ஆட்டை வாட்டினார்கள். தனாசி என்னைத் தன் பக்கத்துக் கதிரையில் உட்கார வைத்தார். சாயம் போட்ட சிவப்பு முட்டைகளை ஒன்றோடொன்று மோத வேண்டும், உடையாத முட்டைக்காரனுக்கு அந்த வருடம் அதிர்ஷ்டம். நாற்பது பேரோடு மோதினேன். என் முட்டை உடையவில்லை. எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். அதே கிழமைதான் மூன்று விரல் மடங்கிப்போன கையோடு செல்வம் ஊருக்கு விமானம் ஏறியது. வேலைக்கு ஆகாத கை என்று தோட்டத்துப் பேரேட்டிலிருந்தும் பேர் கழன்றது. அவனுக்குப் பெண் கிடைக்கப் பத்து வருடம் ஆயிற்று. உன் அம்மா சாகும்வரை, "பாத்து நடன்னு சொல்லித்தானே அனுப்புனேன், கவனமில்லாத பய" என்று தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஊர் திரும்பிய நான் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுத்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் உன்னிடம் வந்திருந்தபோது ஒருநாள் முழுக்க எங்கே போனேன் என்று கேட்டாயே, தனாசியைப் பார்க்கப் போனேன். எலேனி அம்மா போய்விட்டார். மண்டபத்தை விற்று இப்போது அங்கே உடற்பயிற்சிக் கூடம். மகள் அவரை ஒரு முதியோர் இல்லத்தில் வைத்திருக்கிறாள். ஐம்பது வருடம் பேசிய ஆங்கிலம் மூளையிலிருந்து கழன்று போய், கிரேக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அங்கே அது யாருக்கும் தெரியாது. ஒரு தாதி அவருக்குக் கரண்டியால் சூப் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் வாயை விலக்கி "கேயி, கேயி" என்றார். "பார்த்தீர்களா, உங்களைக் கண்டதில் சந்தோஷம் அவருக்கு" என்று அவள் சிரித்தாள். எனக்கு அவருடைய பாஷையில் சமையற்கட்டுச் சொற்கள்தான் தெரியும், அது தெரிந்த சொல். கொதிக்கிற சட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது நாங்கள் கத்துவது. "சுடுகிறது என்கிறார். ஆற வைத்துக் கொடுங்கள்" என்று சொன்னேன். அவள் மன்னிப்புக் கேட்டாள். அவருக்கு நான் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அவரை வெறுக்கத்தான் அங்கே போனேன். வெறுத்துவிட்டுத்தான் வந்தேன், ஆனால் போகும்போது நினைத்திருந்த அளவுக்குச் சுத்தமாக வெறுக்க முடியவில்லை.

ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பன்வில பஸ்ஸில் ஏறி மடுல்கெல்லவுக்குப் போனேன். வழி முழுக்கப் பேச வேண்டியதை அடுக்கி வைத்திருந்தேன். கம்பனே எழுந்து வந்து குறிப்பெடுத்துக்கொள்கிற மாதிரி ஒரு பேச்சு. செல்வம் கோழிக்கு இரை போட்டுக்கொண்டிருந்தான். அடுக்கினது எல்லாம் சரிந்துவிட்டது. "செல்வம், அன்னைக்கு ஆசுபத்திரில நீ சொன்னத நான் அந்தம்மாகிட்டச் சொல்லல்ல" என்றேன். அவன் இரை போடுவதை நிறுத்தவில்லை. "தெரியும் மச்சான்." "எப்பத் தெரியும்?" "அப்பவே. நீங்க 'ஸ்லிப்'ன்னீங்க. மழைக்காலத்துல மலையில தெனம் நாலு பேரு விழுவாங்க, தொர அதத்தான சொல்லுவாரு, 'ஸ்லிப்'புன்னு. எனக்கு இங்கிலீசுல தெரிஞ்ச ஒரே வார்த்த அது."

"பிறகு ஏன்டா என்னப் பார்த்துத் தலையாட்டுன?"

"வேற என்னா செய்யச் சொல்றீங்க? ஊரு தெரியாது, பாஷ தெரியாது. இருந்தது நீங்க ஒருத்தர்தான். ஒங்களையும் விட்டுட்டா?"

நான் அழுதேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அழவில்லை என்று எழுதினால் ஊர் நம்பாது, கோழிகள் சாட்சி. அவனை ஒன்று கேட்டேன். இவ்வளவும் தெரிந்து எதற்காகப் பிள்ளையை அனுப்பலாமா என்று என்னிடம் வந்து கேட்டாய்? அவன் அப்போதுதான் கோபப்பட்டான். முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவை. "பின்ன எங்க அனுப்புறது? அவன் ஏ லெவல் பாஸ் பண்ணிட்டு டவுன்ல ஹாட்வெயார் கடையில ஆணி நிறுத்துக்கிட்டு இருக்கான். இங்க இருந்தா அவனுக்குக் கை இருக்கும், வேற என்னா இருக்கும்? போகத்தான் போறான். நான் கேட்டது போகலாமான்னு இல்ல மச்சான். அவனுக்கு ஒன்னு ஆயிருச்சின்னா நீங்க யாரு பக்கம் நிப்பீங்க, ஒங்க மகன் பக்கமா, எம் மகன் பக்கமா? அதச் சொல்லுங்க. அதுக்குத்தான் வந்தேன் அன்னைக்கு." குமார் கதவருகே வந்து நின்றான். அவனும் கேட்டுக்கொண்டிருந்தான். என் மகனே, உன் முகம் எனக்கு முன்னால் வந்தது. மூன்று வயதில் என்னைத் துறைமுகத்துக்கு வழியனுப்ப வந்த முகம். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "குமார் பக்கம்."

ஆகவே மூன்று பேரும் வருகிறார்கள். இரண்டு கிழமையாக மாலையில் இங்கே என் வீட்டில் பாடம் நடக்கிறது. வாத்தியார் நான், ஆகவே வகுப்பில் சிரிப்புக்குக் குறைவில்லை. ஆங்கிலத்தில் ஆறு வாக்கியங்கள் மட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். இது பழுதாக இருக்கிறது. திருத்தும்வரை தொட மாட்டேன். இன்றைக்கு எட்டு மணி நேரம் முடிந்துவிட்டது. எனக்கு வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நான் சங்கத்தில் சேரப் போகிறேன். ஆறாவது, என் பாஸ்போட் என்னிடம்தான் இருக்கும். முதல் நாள் மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார்கள். இப்போது குமார் சொன்னால் பக்கத்து வீட்டுச் சிங்கள மாத்தயா எட்டிப் பார்க்கிறார். ஒருநாள் அவன் கேட்டான்: "மாமா, இதெல்லாம் சொன்னா மச்சான் எங்களத் திருப்பி அனுப்பிருவாரா?" தெரியாது என்றேன். தெரியாது என்பதுதான் எனக்கு வலிக்கிறது. என் பிள்ளையைப் பற்றி ஒருவன் என்னிடம் கேட்கிறான், மாட்டான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ கெட்டவன் என்று நான் எழுதவில்லை. தனாசியும் கெட்டவர் இல்லை. என் காய்ச்சலுக்குத் தன் கையால் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறார். கூப்பிட்டவனை நம்பி வருகிறவனுக்குக் கூப்பிட்டவனைத் தவிர வேறு வழி இல்லாமல் அடைத்து வைக்கிறதுதான் கெடுதல். அதை நல்லவனும் சிரித்த முகத்தோடு செய்துவிடலாம். நீ அதைச் செய்ய ஆரம்பித்துவிட்டாய். உன்னிடம் அந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் உன்னைத் திட்டும்போது என் குரல் பாதிக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது.

வியாழக்கிழமை காலை அவர்கள் அங்கே இறங்குகிறார்கள். வான் அனுப்பாதே, நீயே போ. உன் மாமன் மகனைக் கட்டிப் பிடி. கடைக்கு மேலே இருக்கும் அறையைக் காட்டும்போதே, வேறு இடம் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு என்றும் சொல். பாஸ்போட்டைக் கேட்டுக் கை நீட்டாதே. நீட்டினால் குமார் எனக்கு ஃபோன் எடுப்பான். எடுக்கச் சொல்லித்தான் அனுப்புகிறேன். அவன் எடுத்தால் நான் டிக்கெட் எடுப்பேன். எழுபத்தோரு வயதில், இந்த முழங்கால்களோடு, அந்தப் பாழாய்ப்போன குளிருக்குத் திரும்ப வருவேன். எந்த அதிகாரியின் மேசைக்கு முன்னால் என்றாலும் உட்கார்ந்து, குமார் தமிழில் சொல்வதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொல்லுவேன். மேசைக்கு அந்தப் பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்தாலும் சொல்லுவேன்.

உன் அப்பா.